கை கழுவும் முன் ஐந்து நிமிடம்: ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் தன் கழுத்தையும் முதுகையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் கத்தி பிடிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் யூனிட்டோடு காலை முதல் நிற்கும் பி.ஜி. (மேற்படிப்பு மாணவ டாக்டர்), ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிசேரியன் எடுக்கும் மேடம், காலையில் பெரம்பூரில் ஹெர்னியா, மதியம் தண்டையார்பேட்டையில் பித்தப்பை, ராத்திரி திருவொற்றியூரில் அப்பெண்டிக்ஸ் என்று நர்சிங் ஹோம் விட்டு நர்சிங் ஹோம் போகும் சர்ஜன். நான் மூன்றாவது வகை. எங்கள் வகைக்கு ஒரு சிக்கல் கூடுதல்: எந்த டேபிளும் எங்களுடையது கிடையாது. போகும் இடத்தில் எல்லாம் உயரம் வேறு, மானிட்டர் நிற்கும் இடம் வேறு, மின்கத்தியைக் காலால் இயக்கும் பெடல் வேறு.

வலி எவ்வளவு பரவலானது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். வட அமெரிக்காவில் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்யும் 317 சர்ஜன்களிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 87 சதவீதம் பேர் உடம்பில் ஏதோ ஒரு வலியோ அசௌகரியமோ இருக்கிறது என்றார்கள். சர்ஜன்களையும் இன்டர்வென்ஷன் செய்யும் மருத்துவர்களையும் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த தொகுப்பாய்வு, கழுத்தெலும்புத் தேய்மானம் 17 சதவீதம், தோள்பட்டைத் தசைநார்ப் பிரச்சினை 18, இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தேய்மானம் 19, மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் 9 என்று கணக்குச் சொன்னது. நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காபி இடைவேளையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் மட்டும் நிறையப் பேர்.

‘நிமிர்ந்து நில்லுங்க’ என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. கண் தேடும் இடத்துக்குத் தலை போகும், கை போகும் இடத்துக்குத் தோள் போகும். பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் சிஸ்டிக் ஆர்ட்டரிக்கு கிளிப் போடும் நேரத்தில் யாருக்கும் தன் கழுத்து ஞாபகம் வராது, வரவும் கூடாது. ஆகவே திருத்த வேண்டியது அறையை. அதற்கு வாய்த்த நேரம் கை கழுவுவதற்கு முன்னால் இருக்கும் ஐந்து நிமிடம்தான். கவுன் கட்டி, டிரேப் போட்டு, ஆபரேஷன் தொடங்கியபின் மானிட்டரை நகர்த்தச் சொல்வதற்கு மனசே வராது. ‘பரவாயில்லை, பாத்துக்கலாம்’ என்று தொடங்கி இரண்டு மணி நேரம் கழுத்தைத் திருப்பியபடி நிற்போம்.

படி 1: முதலில் உங்கள் முழங்கை உயரம்

தியேட்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். தோளைத் தளர்த்தி, கையை முழங்கையில் 90 டிகிரி மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை செ.மீ. என்று வார்டு பையனையோ டெக்னீஷியனையோ டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 100 செ.மீ. வரும். இந்த ஒரு எண்ணை ஞாபகத்தில் வைத்தால் போதும், டேபிள், ஸ்டெப், நாற்காலி எல்லாம் அதிலிருந்து கணக்காகும்.

படி 2: டேபிள் உயரம்

திறந்து செய்யும் ஆபரேஷனில் கை வேலை செய்யும் இடம், அதாவது காயம், முழங்கை மட்டத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். நுணுக்கமான தையல் என்றால் கொஞ்சம் மேலே ஏற்றலாம், ஆனால் முன்கைக்குத் தாங்கல் வேண்டும். எலும்பைக் குடையும் ரீமர் ஓட்டுவது, சுத்தியல் தட்டுவது போல பலம் கொடுக்கும் வேலைக்கு இன்னும் தாழ்வாக இருந்தால்தான் உடம்பு எடை உதவும். கவனியுங்கள், நான் சொல்வது காயத்தின் உயரம். மெத்தை, நோயாளியின் பருமன், அடியில் வைத்த தலையணை எல்லாம் சேர்ந்துதான் அது வருகிறது. ஒல்லியான நோயாளிக்கு வைத்த உயரம் அடுத்து வரும் பருமனான நோயாளிக்குப் பொருந்தாது. ‘சாருக்கு எப்பவும் இந்த ஹைட்தான்’ என்று டெக்னீஷியன் தம்பி பாசமாக வைத்துவிட்டுப் போவது பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும்.

லேப்ராஸ்கோபியில் கணக்கு மாறுகிறது. கருவியின் நீளம் வயிற்றுக்கு மேலே நிற்கும், வயிறும் காற்றடித்து உப்பியிருக்கும். இங்கே முழங்கை மட்டத்துக்கு வர வேண்டியது கருவியின் கைப்பிடி. ஆய்வுகள் சொல்லும் பொதுவிதி, டேபிள் உயரம் முழங்கை உயரத்தில் 0.7 முதல் 0.8 பங்கு. முழங்கை 100 செ.மீ. என்றால் டேபிள் 70 முதல் 80 செ.மீ.க்குள். பழைய ஹைட்ராலிக் டேபிள்கள் பலவும் அவ்வளவு தாழ இறங்காது. இறங்காத டேபிளோடு சண்டை போட்டுப் பயனில்லை, நீங்கள்தான் ஏற வேண்டும்.

இன்னொன்று. டேபிளை ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். வயிறு திறக்கும்போது ஒரு உயரம், இடுப்புக்குழிக்குள் இறங்கும்போது வேறு, மூடும்போது வேறு. கட்டம் மாறும்போதெல்லாம் ஒரு சொல் போதும்: ‘டேபிள் கொஞ்சம் அப்.’ சாய்வையும் இதே போலப் பயன்படுத்துங்கள். உள்ளே தெரியவில்லை என்றால் உடம்பை வளைப்பதற்கு முன்னால் டேபிளை உங்கள் பக்கம் சாய்க்கச் சொல்லிப் பாருங்கள். மயக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

சிசேரியனில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. குழந்தையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாமல் இருக்கத் தாயை இடது பக்கம் சுமார் 15 டிகிரி சாய்க்கிறோம். வலப்பக்கம் நிற்கும் சர்ஜனுக்கு அது தன்னை விட்டு விலகும் சாய்வு, எட்டிக் குனிய வேண்டியிருக்கும். குழந்தை வெளியே வந்தபின் அந்தச் சாய்வுக்குக் காரணம் இல்லை. ஆனாலும் தோல் தைத்து முடிக்கும் வரை பல தியேட்டர்களில் டேபிள் அப்படியே கிடக்கும். கர்ப்பப்பையைத் தைக்கத் தொடங்கும்போதே சமப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு நாளில் அத்தனை சிசேரியன் எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படி 3: உயரம் குறைந்தவருக்கு ஸ்டெப், உயரமானவருக்கு டேபிள்

விதி எளிது. டேபிளை உயரமானவருக்கு ஏற்ப வையுங்கள், மற்றவர்கள் ஸ்டெப் மேல் ஏறட்டும். மாற்றிச் செய்தால் உயரமானவர் ஆபரேஷன் முடியும் வரை கூனிக்கொண்டே நிற்பார், அதற்கு எந்த மருந்தும் கிடையாது.

நடைமுறையில் நடப்பது வேறு. சீஃப் எந்த உயரத்தில் நிற்கிறாரோ அதுதான் தியேட்டரின் உயரம். எதிரே நிற்கும் ஐந்தடி பி.ஜி. குதிகாலைத் தூக்கி, தோளைக் காதருகே ஏற்றி, இரண்டு மணி நேரம் டீவர் (காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர்) பிடித்துக்கொண்டு நிற்பாள். ‘ஸ்டெப் வேணும் சார்’ என்று வாய் வராது. கேட்டால் ‘இதுக்கே இப்படியா’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது சீஃப்தான், பி.ஜி. அல்ல. கத்தி வாங்கும் முன் ‘எல்லாருக்கும் ஹைட் ஓகேவா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் கேட்டால்தான் சிஸ்டரும் கேட்பார், ஹவுஸ் சர்ஜனும் வாய் திறப்பார்.

ஸ்டெப் எப்படி இருக்க வேண்டும்? இரண்டு காலும் தாராளமாக வைத்து, பெடலும் மேலேயே வைக்க இடம் வேண்டும், சுமார் 60க்கு 45 செ.மீ. இருந்தால் நல்லது. 10, 15, 20 செ.மீ. என்று மூன்று உயரம் வைத்துக்கொண்டால் யாருக்கும் பொருந்தும். அடியில் ரப்பர் புஷ், மேலே வழுக்காத தகடு. மரத்தில் வேண்டாம், துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. வியாசர்பாடிப் பக்கம் ஏதாவது ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் அளவு எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். நைனியப்ப நாயக்கன் தெருவின் சர்ஜிக்கல் கடைகளில் தயாராகக் கிடைப்பவை பெரும்பாலும் நோயாளி கட்டிலில் ஏறுவதற்கான ஒடுக்கமான ஸ்டூல்கள். அதில் நின்று ஆபரேஷன் செய்தால் கால் நகர்த்தவே இடம் இருக்காது.

படி 4: வெளிச்சம், ரிட்ராக்டர்

தலை குனிவதற்குப் பல நேரம் காரணம் இருட்டு. ஷேடோலெஸ் லைட் இரண்டு இருந்தால் ஒன்றை உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து காயத்துக்குள் விழும்படியும் மற்றதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் வையுங்கள். தலை நடுவே புகுந்து நிழல் விழுந்தால் ஒரு லைட் வீண்.

மனிதக் கையை ரிட்ராக்டராக்குவது நம் ஊர்ப் பழக்கம். ஹவுஸ் சர்ஜன்கள் தாராளமாகக் கிடைக்கும் அரசு மருத்துவமனையில் இன்னும் அதிகம். பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு டேபிளில் பூட்டும் சட்டக ரிட்ராக்டர் இருக்கும்போது அதை எடுக்காமல் விடுவது சோம்பல்தான். பொருத்த ஐந்து நிமிடம் ஆகும் என்பார்கள், ஆகட்டும். பிடித்துக்கொண்டு நிற்கும் கை தளர்ந்து, ‘சரியாப் பிடிப்பா’ என்று பத்து முறை சொல்லும் நேரத்தைக் கூட்டினால் அதைவிட அதிகம் வரும்.

படி 5: லேப்ராஸ்கோபி

இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. திறந்த ஆபரேஷனில் உடம்பு அடிக்கடி அசையும். லேப்பில், அதாவது லேப்ராஸ்கோபியில், காலும் இடுப்பும் ஒரே இடத்தில் ஊன்றிவிடும், தோளும் மணிக்கட்டும் மட்டும் திருகிக்கொண்டே இருக்கும்.

மானிட்டரில் தொடங்குங்கள். நீங்கள், ஆபரேஷன் நடக்கும் உறுப்பு, மானிட்டர் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பித்தப்பைக்கு நோயாளியின் இடப்பக்கம் நிற்கிறீர்கள் என்றால் மானிட்டர் அவருடைய வலது தோளருகே. அப்பெண்டிக்ஸுக்கு அதே மானிட்டர் வலது இடுப்பு, கால் பக்கமாக இறங்க வேண்டும். நர்சிங் ஹோமில், கேமரா பெட்டிகளும் திரையும் அடுக்கிய டவர் ஒரு மூலையில் ஒயர் நீளத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கும், பித்தப்பை வைத்த இடத்திலேயே அப்பெண்டிக்ஸும் நடக்கும். பிளக் பாயின்ட் எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சர்ஜனின் கழுத்து எத்தனையோ வருஷம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். தரமான எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள், அல்லது பாயின்ட்டையே மாற்றச் சொல்லுங்கள்.

உயரம்: திரையின் மேல்விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ. பார்வை 15 டிகிரியாவது கீழ்நோக்கி விழுவது கழுத்துக்குச் சுகம். டவரின் உச்சித் தட்டில், எல்லாப் பெட்டிகளுக்கும் மேலே திரையை வைப்பது மிகப் பரவலான தப்பு. அண்ணாந்து பார்க்கும் கழுத்து, குனிந்து பார்க்கும் கழுத்தைவிடச் சீக்கிரம் வலிக்கும். தூரம் ஏறத்தாழ 1 மீட்டரை ஒட்டி, திரை பெரிதானால் கொஞ்சம் தள்ளி. எதிரே நிற்கும் உதவியாளருக்கு இரண்டாவது திரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அவர் முதுகை முறுக்கிக்கொண்டு உங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து நோயாளியின் இடது கை. அது ஆர்ம் போர்டில் வெளியே நீட்டிக் கிடந்தால் நீங்களும் கேமரா பிடிப்பவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, பாதி திரும்பி நிற்க வேண்டியதுதான். உடம்போடு ஒட்டி வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுவது நல்லது. டிரிப் லைன் வலது கையில் போட்டால் மயக்க மருத்துவருக்கும் சிரமம் இருக்காது, ஆனால் அதை நோயாளி உள்ளே வரும்போதே சொல்ல வேண்டும். லைன் போட்டு முடித்தபின் சொன்னால் நியாயமாகவே கோபப்படுவார்.

போர்ட், அதாவது கருவி நுழையும் துளை, போடும் இடம் உங்கள் தோளின் கதியைத் தீர்மானிக்கிறது. இரண்டு கருவிகளும் உள்ளே சந்திக்கும் கோணம் 60 டிகிரியை ஒட்டி, 45க்குக் குறையாமல், 75ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. கருவியின் நீளம் பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கை விலாவை விட்டு விலகி இறக்கை விரித்த மாதிரி நிற்கும். ‘இந்த கேஸுக்கு இந்த இடம்’ என்று மனப்பாடமாகப் போர்ட் போடாமல், காற்றடித்தபின் வயிற்றின் அளவைப் பார்த்து ஒரு செ.மீ. இரண்டு செ.மீ. நகர்த்துங்கள்.

கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை ஆழ நுழைக்காதீர்கள். வளையம் விரலின் பக்கவாட்டு நரம்பை அழுத்தி மரத்துப்போகும், சிலருக்கு அந்த மரப்பு வாரக்கணக்கில் நிற்கும். விரல் நுனிச் சதை மட்டும் உள்ளே இருந்தால் போதும். 6.5 அல்லது அதற்கும் சின்ன கிளவுஸ் போடுபவர்களுக்கு ஸ்டேப்ளர் கைப்பிடி பெரிதாக இருப்பதும், அழுத்த இரண்டு கையும் தேவைப்படுவதும் ஆய்வுகளில் பதிவான விஷயம். நம் ஊர்ப் பெண் சர்ஜன்கள் பலரும் இந்த அளவுதான். இது பலவீனம் கிடையாது. கருவி செய்தவன் யார் கையை அளந்தான் என்பதுதான் கேள்வி. இரண்டு கை தேவை என்றால் தயங்காமல் இரண்டு கையால் அழுத்துங்கள், அதற்குள் கேமராவை உதவியாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

பெடல். மஞ்சள் வெட்டுவதற்கு, நீலம் உறைய வைப்பதற்கு என்று நிறம் தெரிந்திருந்தும், எங்கே இருக்கிறது என்று காலால் துழாவுவதில்தான் பாதி நேரம் போகும். பெடல் உங்கள் காலுக்கு நேர் முன்னால், கருவி நோக்கும் திசையிலேயே இருக்கட்டும். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் லேசாக அழுத்த வேண்டும். பாதத்தை எப்போதும் தூக்கியே வைத்திருந்தால் முழு எடையும் மற்ற காலில் இறங்கி இடுப்பு கோணும். இரண்டு பெடல் இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லி இரண்டையும் ஒரே வழுக்காத பலகையில் பக்கம் பக்கமாகப் பொருத்துங்கள். கையாலேயே சுவிட்ச் அழுத்தும் கருவி இருந்தால் அதை எடுங்கள்.

கேமரா பிடிப்பவரை மறந்துவிடுவோம். அவர் கை உங்கள் கைக்கு அடியில் புகுந்து, கழுத்து உங்கள் தோளைத் தாண்டி எட்டிப் பார்க்கும். நீளமான கேஸ் என்றால் அவர் ஸ்டூலில் உட்காரலாம். உட்கார்ந்து கேமரா பிடித்தால் படம் ஆடாமலும் இருக்கும்.

படி 6: உட்கார்ந்து செய்பவர்கள்

துறைமுகத்துச் சுமை, மணலி, எண்ணூர்ப் பக்கத்து இயந்திரங்கள் என்று கை நசுங்கி வருபவர்களுக்கு வடசென்னையில் என்றுமே குறைவில்லை. ஸ்டான்லியில் 1970களில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை இன்று நாடறிந்தது. துண்டான விரலை ஒட்டும் வேலை மணிக்கணக்கில் போகும், நாளம் நாளமாக, நரம்பு நரம்பாக, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே. அங்கே வரிசை முக்கியம். முதலில் நாற்காலி: பாதம் தரையில் முழுக்கப் பதிந்து, தொடை லேசாக முன்சரிந்து, இடுப்பு சாய்மானத்தில் பட வேண்டும். இரண்டாவது கை வைக்கும் மேசை: முன்கை முழுதும் அதில் தங்கும் உயரம். கடைசியாகத்தான் மைக்ராஸ்கோப். கண் வைக்கும் குழாயைச் சாய்த்து, நீட்டி, அதை உங்கள் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் ஃபோகஸ் வைத்துவிட்டு அதற்கு ஏற்ப உடம்பை மடக்கி உட்கார்ந்தால் மூன்றாவது மணி நேரத்தில் விரல் நடுக்கம் தொடங்கும். கண் ஆபரேஷனுக்கும் இதே வரிசைதான்.

பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பை எடுக்கும்போது உட்காரும் சர்ஜனுக்குச் சிரமம் குறைவு. இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும் உதவியாளர்களுக்குத்தான் முதுகு போகும். டேபிளை உட்கார்ந்த முழங்கை மட்டத்துக்கு ஏற்றி, பாதியில் இருவரையும் பக்கம் மாறச் சொல்லுங்கள்.

படி 7: லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி)

தலை நிமிர்ந்திருக்கும்போது கழுத்து தாங்குவது சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை 27 கிலோ அளவுக்குப் போகும் என்று ஒரு கணக்கு உண்டு. லூப் போடுபவர்கள் அந்தக் குனிதலையே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும் கோணம் போதாமல் இருக்கும். லூப் போட்டு வேலை செய்யும்போது தலை 20, 25 டிகிரிக்கு மேல் குனிகிறது என்றால் குறை லூப்பிடம்.

மாநாட்டு ஸ்டாலில் நின்று, விற்பனையாளர் நீட்டிய அட்டையைப் பார்த்து அளவு கொடுக்காதீர்கள். உங்கள் தியேட்டருக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் டேபிளில், வழக்கமான உயரத்தில் நின்று, கண்ணிலிருந்து காயம் வரை எத்தனை செ.மீ. என்று அளக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கும் திறன் கூடினால் எடையும் கூடும், பொது அறுவைக்கு 2.5 மடங்கு பெரும்பாலும் போதும். குனியாமலே கீழே காட்டும் பிரிசம் வகை லூப்கள் இப்போது வந்திருக்கின்றன. கழுத்துக்கு நிம்மதி, ஆனால் பழகக் கொஞ்ச நாள் ஆகும், விலையும் அதிகம். ஹெட்லைட் ஒயரை கவுனின் முதுகுப் பக்கம் ஒரு கிளிப்பால் பிடித்துவிடச் சொல்லுங்கள், அது கழுத்தை இழுப்பது நின்றுவிடும்.

படி 8: லெட் ஏப்ரன் (ஈயக் கவசம்)

எலும்பு முறிவுக்கு சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி வைத்துச் செய்பவர்கள் 5, 6 கிலோவைத் தோளில் தொங்கவிட்டு நிற்கிறார்கள். ஒரே துண்டாகத் தோளில் தொங்குவதைவிட, மேலே ஒன்று, இடுப்பில் பாவாடை மாதிரி ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது நல்லது, பாதி எடை இடுப்பெலும்பில் உட்காரும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால்தான் அந்தப் பயன். கேஸுக்கும் கேஸுக்கும் நடுவில் கழற்றுங்கள். டீ குடிக்கும்போதும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எல்லாத் தியேட்டரிலும் பார்க்கலாம். சி-ஆர்ம் மானிட்டரை முதுகுப் பக்கம் நிறுத்தாமல் டேபிளுக்கு எதிர்ப்பக்கம் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏப்ரனோடு இடுப்பைத் திருப்புவது வட்டுக்கு நல்லதல்ல.

படி 9: தரையும் செருப்பும்

வாசல் ரேக்கில் கிடக்கும் தேய்ந்த ஹவாய் செருப்பு நின்று செய்யும் வேலைக்கு உதவாது. உங்களுக்கென்று முன்பக்கம் மூடிய, பின்பட்டை உள்ள, மேலே ஓட்டை இல்லாத தியேட்டர் ஷூ ஒன்று பையில் இருக்கட்டும். சோர்வு குறைக்கும் ரப்பர் மேட் துடைக்கக்கூடியதாக இருந்தால் வாங்கலாம். வெரிகோஸ் வெயின் உள்ளவர்கள் அழுத்தக் காலுறை போடலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூ-வீலரில் அடுத்த நர்சிங் ஹோமுக்குப் போவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்கு எந்த மேட்டும் கிடையாது.

படி 10: நடுவில் ஒரு நிமிடம்

ஆபரேஷன் நடுவே நிறுத்துவதா என்று பலருக்கும் தயக்கம். ஜெர்மனியின் ஹன்னோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோபியில் அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் காற்றை இறக்கி ஓய்வு எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வில் மொத்த நேரம் கூடவில்லை, சர்ஜன்களின் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. நம் லிஸ்ட்டின் நீளத்துக்கு ஐந்து நிமிடம் நடக்காது. 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று ஒன்றரை நிமிடம் நடக்கும், அதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு.

ரத்தம் கசியும் இடத்தில் நிறுத்தக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பாருங்கள். கருவிகளை வெளியே எடுத்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, கையைக் கோர்த்து நெஞ்சருகே வையுங்கள், இடுப்புக்குக் கீழும் தோளுக்கு மேலும் போகாமல். மோவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ணுங்கள். தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் நெருக்குங்கள். இடுப்பிலிருந்து லேசாகப் பின்னால் சாயுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கண்ணைத் தூரத்துச் சுவருக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான்.

நேரம் பார்க்க வேண்டியது நீங்கள் அல்ல. கை கழுவாமல் அறைக்குள் வெளிவேலை பார்க்கும் சிஸ்டரிடம் கடிகாரத்தை ஒப்படையுங்கள், முன்கூட்டியே. ‘சார், அரை மணி ஆச்சு’ என்று அவர் சொல்லும்போது முகம் சுளித்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

படி 11: டைம்-அவுட்டில் ஒரு வரி

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் இப்போது பல இடங்களில் சுவரில் ஒட்டியிருக்கிறது. தோல் வெட்டும் முன் எல்லாரும் ஒரு நொடி நிற்கும் அந்த இடத்தில் டேபிள், திரை, பெடல், ஸ்டெப் என்று நான்கு சொல் சேர்த்துவிடுங்கள். பெரிய மாற்றங்கள் கை கழுவும் முன்னரே முடிந்திருக்கும், இது விட்டுப்போனதைப் பிடிக்க மட்டும்.

பல இடங்களுக்குப் போகும் சர்ஜன்கள் போனில் இடத்துக்கு ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம்: இந்த நர்சிங் ஹோமில் டேபிள் எவ்வளவு இறங்கும், ஸ்டெப் உண்டா, திரை எந்தப் பக்கம். லேப் என்றால் முந்தின நாளே டெக்னீஷியனுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிட்டால் நீங்கள் போவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

படி 12: முதலாளியிடம் எதைக் கேட்பது

நர்சிங் ஹோம் உரிமையாளரிடம் புது டேபிள் கேட்டால் அடுத்த வருஷம் என்பார், அந்த வருஷம் வராது. மலிவிலிருந்து தொடங்குங்கள்: மூன்று ஸ்டெப், நீளமான பவர் ஒயர், பெடல் பலகை, ஒரு மேட். அப்புறம் தனியாக நகர்த்தக்கூடிய மானிட்டர் ஸ்டாண்ட். டேபிள் கடைசி. டேபிள் வாங்கும் பேச்சு வந்தால் விலைப்பட்டியலில் ஒரே எண்ணைத் தேடுங்கள், அது மிகக் குறைந்த உயரம். அதிக உயரத்தைப் பெருமையாக எழுதியிருப்பார்கள், லேப் செய்பவருக்கு அது தேவையே இல்லை. அரசு மருத்துவமனையில் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதும்போது ‘வசதிக்கு’ என்று எழுதாமல் ‘லேப்ராஸ்கோபிக்குத் தேவையான உபகரணம்’ என்று எழுதுங்கள். கோப்பு நகர வாய்ப்பு கூடும்.

படி 13: வலி வந்துவிட்டால்

நாமே நமக்கு அசெக்ளோஃபெனாக் வலி மாத்திரை எழுதிக்கொள்வதுதான் முதல் சிகிச்சை, பல வருஷத்துக்கு அதுவே கடைசிச் சிகிச்சையும். வயிறும் சிறுநீரகமும் அதற்குப் பதில் சொல்லும். ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து எழுப்பினால் மணிக்கட்டைக் காட்டுங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கையில் அல்னார் நரம்பு. கழுத்திலிருந்து கை வரை மின்சாரம் பாய்வது போல வலி, பிடி தளர்வது, ஊசி தவறுவது என்றால் தள்ளிப்போடக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைப்போ, உட்காரும் இடம் மரத்துப்போவதோ வந்தால் அன்றே எம்.ஆர்.ஐ.; மற்றவர்களுக்கு நாம் சொல்வதை நமக்கும் செய்ய வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது வாயால் விவரிப்பதைவிட, கேஸ் நடக்கும்போது பக்கவாட்டிலிருந்து யாராவது எடுத்த போட்டோ இரண்டு கொண்டு போங்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் வராத ஒருவருக்கு நாம் எப்படி நிற்கிறோம் என்று தெரியாது, ‘கம்ப்யூட்டர் வேலையா சார்?’ என்றுதான் கேட்பார். படத்தில் கழுத்தின் சாய்வு, முழங்கை விலகல், எந்தக் காலில் எடை என்று பார்த்து அதற்கான பயிற்சியைச் சொல்வார். நோயாளியின் முகமும் கேஸ் ஷீட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.